விரிசல் எண்ணும் குழு

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் எதுவும் உடைவதில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். வலிமையான பொருள்களை உண்டாக்குவதற்கென்றே கட்டிய நிலையம் அது. ஒரு பொருள் எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டுமானால் அதை உடைத்துப் பார்த்தாக வேண்டும். ஆனால் எங்கள் நிலையத்தில் எது உடைந்தாலும் அது பொதுச்சொத்துக்குச் சேதம். சேதம் என்றால் விசாரணை. விசாரணைக்குப் பயந்து யாரும் எதையும் உடைப்பதில்லை. எதுவும் உடையாததால் நாங்கள் செய்வதெல்லாம் வலிமையானது என்று ஆண்டறிக்கையில் அச்சடித்து, பளபளவென்று அட்டை போட்டு, வேண்டியவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடுவோம்.

நான் அங்கே ஒப்பந்த ஆராய்ச்சியாளன். நிலையத்தில் எல்லோருக்கும் நான் பொடிக்காரன். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. காரணம் நான் செய்கிற வேலை. பீங்கான் தட்டு தீயைத் தாங்கும், அடியைத் தாங்காது. அதனால் உள்ளே நார்த்துணியை அடுக்கடுக்காக வைத்துச் சுடுகிறோம். அப்போதும் ஒரு விரிசல் கிளம்பினால் நாரையும் சேர்த்து அறுத்துக்கொண்டு நேராக மறுபக்கம் போய்விடுகிறது. சுடுவதற்கு முன் பீங்கான் கூழில், மாவைவிட நைஸாக அரைத்த கெட்டிப் பொடி ஒன்றை நான் கலக்கிறேன். இப்போது விரிசல் கிளம்பினால் ஒரு பொடிமணியில் முட்டும், திரும்பும், இன்னொன்றில் முட்டும், மறுபடி திரும்பும். கல்யாண வீட்டில் சாப்பிடக் கிளம்பிய மனிதர் வழியில் தெரிந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் நின்று பேசிக் கடைசிவரை இலைக்கே போய்ச் சேராத மாதிரி, அதுவும் பாதி வழியில் ஓய்ந்துவிடும். விஷயம் இவ்வளவுதான்.

இந்த இவ்வளவுதானைச் செய்ய நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. முதல்நாள் பொடி கேட்டு ஸ்டோர்ஸுக்குப் போனேன். ஸ்டோர்ஸ் அதிகாரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"பொடி எத்தனை வேணும்?"

"ரெண்டு கிலோ சார்."

"எடையைக் கேக்கலை. எத்தனைன்னு கேட்டேன். நார்த்துணியை இத்தனை தாள்னு எண்ணித்தானே வாங்குறீங்க? பொடியை மட்டும் எண்ணாம எப்படித் தர்றது? நாளைக்கு ஒண்ணு குறைஞ்சா யாரு பதில் சொல்றது?"

"சார், ஒரு தும்மல் போட்டா கோடி மணி பறந்துடும்."

"அப்ப தும்மாதீங்க."

மறுவாரமே பொடி நிறுக்கும் அறையின் வாசலில் 'இங்கு தும்மக் கூடாது' என்று பலகை மாட்டினார்கள். சளி பிடித்தவர்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு. அந்தச் சீட்டை வாங்க நேரில் வர வேண்டும், வரும்போது தும்மக் கூடாது. நான் இதையெல்லாம் சகித்துக்கொண்டேன். பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே.

ஆனால் இந்தத் தட்டு விஷயத்தில் மட்டும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஏனென்றால் இந்தத் தட்டு போய்ச் சேரப்போகிற இடத்தில் என் மச்சான் நிற்கிறார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பாட்டில் தொழிற்சாலையில் உலைக்காரர். உலையின் வாய்க்கு முன்னால் ஒரு தட்டு தொங்கும். அதன் நடுவில் ஒரு துளை. அந்தத் துளை வழியாக நீளக் கம்பியை விட்டு, உருகின கண்ணாடியின் மேல் படிகிற கசடை வழிப்பது அவர் வேலை. தீக்கும் அவர் முகத்துக்கும் நடுவில் அந்தத் தட்டைத் தவிர வேறெதுவும் கிடையாது. கம்பி போகும்போதும் வரும்போதும் தட்டில் இடிக்கும். பழைய தட்டுகள் அப்படித்தான் ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் டப்பென்று இரண்டாகப் பிளந்து விழும். மச்சானுக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவர் இப்போது அதே தொழிற்சாலையில் வாயிற்காவலர். இடது கையால்தான் சல்யூட் அடிப்பார். வலது பக்கம் யாரும் நின்று பேச மாட்டார்கள், அவருக்கு அந்தப் பக்கம் கண் தெரியாது.

புதுத் தட்டு செய்துகொடுக்கும் பொறுப்பு எங்கள் நிலையத்துக்கு வந்தது என்று கேள்விப்பட்டதும் என் மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள்.

"என்னங்க, அது எங்க அண்ணன் மூஞ்சிக்கு நேரா வைக்கப்போற தட்டு. தெரியும்ல?"

"தெரியும்மா."

"தாங்குமா?"

"பொடி போட்டது தாங்கும். போடாதது தாங்காதுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா? நல்லா இருக்கே! நினைக்கிறதுக்கா உங்களுக்குச் சம்பளம் குடுக்குறாங்க? உடைச்சுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. எங்க அண்ணனுக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, இந்த வீட்ல சாப்பிட ஒரு தட்டு மிஞ்சாது, சொல்லிட்டேன்."

மறுநாள் சோதனை அறைக்குப் போனேன். எங்களிடம் உடைக்கும் இயந்திரம் உண்டு. சிவப்பு வெல்வெட் துணி போர்த்தி, சுற்றிலும் கயிறு கட்டி, பக்கத்தில் ஒரு பூச்சாடியும் வைத்திருப்பார்கள். விருந்தாளிகள் வந்தால் துணியை விலக்கிக் காட்டுவார்கள். தட்டை இயந்திரத்தின் தாடைக்குள் வைப்பார்கள். மேல்தாடை தட்டைத் தொட்டதும் விளக்கு எரியும், உடனே கைதட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள். இதற்குப் பெயர் தொடு சோதனை. எங்கள் தட்டுகள் ஒன்றுகூடத் தொடு சோதனையில் தோற்றதில்லை.

"உடைக்கணும் சார்" என்றேன் சோதனை அறைக்காரரிடம்.

அவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார், பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "தம்பி, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? ஏதாவது மனசு சரியில்லையா?"

"இல்ல சார். உடைச்சாத்தானே எவ்வளவு தாங்குதுன்னு தெரியும்?"

"தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க? நான் இந்த மிஷினைக் குழந்தை மாதிரிப் பாத்துக்கிறேன். இது இதுவரைக்கும் யாருக்கும் ஒரு கெடுதல் பண்ணினதில்ல."

அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து வெல்வெட்டை உருவினேன். முதலில் பொடி போடாத வெள்ளைத் தட்டை வைத்து அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை, ஒரு முனகலும் இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே டப்பென்று இரண்டாகி ஒரு துண்டு என் காலடியில் விழுந்தது. அடுத்து என்னுடைய சாம்பல் நிறத் தட்டு. அழுத்த அழுத்த முனகியது, நெளிந்தது, உடம்பெல்லாம் தலைமுடி போல விரிசல் ஓடியது, ஓரத்தில் நார் பிசிறுபிசிறாக வெளியே வந்தது. ஆனால் பிரியவில்லை. வெள்ளைத் தட்டு உடைந்த பாரத்தைத் தாண்டியும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்கு அப்படியே அதைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான் பின்னால் டீ தம்ளர் கீழே விழுந்து உடைகிற சத்தம் கேட்டது.

அந்தத் தம்ளருக்கும் சேர்த்துத்தான் விசாரணை வைத்தார்கள்.

விசாரணைக் குழுவில் இயக்குநர், நிர்வாக அதிகாரி, ஸ்டோர்ஸ் அதிகாரி என மூன்று பேர். கூட்ட அறையில் பச்சைத் துணி விரித்த மேஜையில் இரண்டு தட்டுகளையும் கிடத்தியிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் கையை உயர்த்தினார்.

"உடைச்சது தப்பு. அதை அப்புறம் பாத்துக்கலாம். ஆனா உடைஞ்சது உடைஞ்சுபோச்சு. ரெண்டுல எது நல்ல தட்டுன்னு நாம விஞ்ஞானபூர்வமா முடிவு பண்ணிடுவோம்."

எனக்கு உயிர் வந்தது. பரவாயில்லையே, மனிதருக்கு விஷயம் தெரிகிறதே என்று நினைத்தேன்.

"சேதத்துக்கு அளவுகோல் விரிசல்" என்றார் இயக்குநர். "விரிசலை எண்ணுங்க."

எண்ணினார்கள். வெள்ளைத் தட்டு உடனே முடிந்துவிட்டது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே விரிசல். நிர்வாக அதிகாரி 'ஒன்று' என்று எழுதி அடியில் கோடு போட்டார். பிறகு என் தட்டுக்கு வந்தார்கள். நிலையத்தில் இருப்பது ஒரே ஒரு பூதக்கண்ணாடி, அதை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினார்கள். டீ வந்தது. நிர்வாக அதிகாரி எண்ணிய இடத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் குடித்தார். விரலை எடுத்தால் கணக்கு போய்விடுமாம். பிஸ்கட்டை ஸ்டோர்ஸ் அதிகாரி அவர் வாயில் ஊட்டிவிட்டார். பாதியில் கிளை விரிசல்கள் வந்தபோது பெரிய தகராறு. கிளையைத் தனி விரிசலாக எண்ணுவதா, தாய் விரிசலோடு சேர்ப்பதா? ஒரு விரல் அகலத்துக்கு மேல் விலகியிருந்தால் தனிக்குடித்தனம், இல்லாவிட்டால் கூட்டுக்குடும்பம் என்று தீர்மானம் ஆனது. யாருடைய விரல் என்று கேட்டேன். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

மாலையில் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"எண்ணி முடியலை" என்றார் இயக்குநர். "எண்ண எண்ண வந்துக்கிட்டே இருக்கு. தம்பி, நான் இந்தத் துறையில தலை நரைச்சவன். இவ்வளவு மோசமான தட்டை நான் பாத்ததில்ல. அதைப் பாரு." வெள்ளைத் தட்டைக் காட்டினார். "ஒரே விரிசல். கிளம்புச்சு, நேரா போச்சு, போய்ச் சேந்துச்சு. அங்க இங்க பராக்குப் பாக்கலை. உன் தட்டுல? நூத்துக்கணக்குல விரிசல் ஆரம்பிச்சிருக்கு, ஒண்ணாவது முடிஞ்சிருக்கா? எல்லாம் பாதியில நிக்குது. ஆரம்பிச்ச வேலையை முடிக்கத் தெரியாத தட்டை வச்சு நாம என்ன பண்றது?"

"ஐயா, முடியாம நின்னதாலதான் தட்டு உடையலை. வெள்ளைத் தட்டு ரெண்டா போச்சே!"

"அது எப்படிச் சேதம் ஆகும்?" என்று ஸ்டோர்ஸ் அதிகாரி குறுக்கே வந்தார். "முந்தி ஒரு உருப்படி இருந்துச்சு, இப்ப ரெண்டு இருக்கு. என் இருப்புல ஒண்ணு கூடியிருக்கு."

"அதுவும் முனை எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க" என்றார் நிர்வாக அதிகாரி. "இவரோடதுல ஓரமெல்லாம் நார் தொங்குது. நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்க?"

"அந்த நார்தான் சார் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கு!"

"தம்பி, சத்தம் வேண்டாம்" என்றார் இயக்குநர். "உடைச்சதுக்கு உனக்கு எச்சரிக்கை. பொடி போட்ட தட்டு தோல்வின்னு பதிவு. பொடி போடாத வெள்ளைத் தட்டுக்குத் தரச்சான்று. தொழிற்சாலைக்கு அதுதான் போகும். நீ சின்னப் பையன், மனசைத் தளர விடாதே. அடுத்த தட்டுலயாவது விரிசலை ஒண்ணோட நிறுத்தப் பாரு."

அட கடவுளே என்று வெளியே வந்தேன். படியில் இறங்கும்போது எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று பெரிய மனிதர்கள், ஒரு பூதக்கண்ணாடி, நாள் முழுக்க எண்ணியிருக்கிறார்கள். ஒருவேளை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ? காலடியில் வந்து விழுந்த அந்த வெள்ளைத் துண்டை நினைத்துப் பார்த்தேன். இல்லை, நான் தப்பில்லை. அது நேராக என் பாதத்துக்கு ஒரு ஜாண் தள்ளித்தான் விழுந்தது.

வீட்டில் மச்சான் வந்திருந்தார். அன்றைக்கு அவருக்கு ஓய்வுநாள். கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து என் மனைவி போட்டுக்கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு, டிகாக்ஷன் தண்ணியாக இருக்கிறது என்று தங்கையை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. என்ன, மூஞ்சி இப்படி இருக்கு? ஆபீஸ்ல என்ன முடிவு பண்ணாங்க?"

"ரெண்டா உடையுற தட்டுதான் நல்ல தட்டுன்னு முடிவு பண்ணியிருக்காங்க மச்சான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தம்ளரைக் கீழே வைத்தார். "நிசமாவா?"

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். பிஸ்கட் ஊட்டியது வரைக்கும் சொன்னேன். என் மனைவி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கோபம் வந்தால் கத்துகிறவள், அன்றைக்குக் கத்தவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"அந்த வேலையை விட்டுரு அண்ணா" என்றாள்.

"விட்டுட்டு? உன் வீட்டு வாசல்ல வந்து உக்காரவா?" என்று அவளைச் சீண்டினார் மச்சான். பிறகு குரலை இறக்கி, "நான் விட்டா அந்த இடத்துல இன்னொருத்தன் நிப்பான் புள்ள. உலை சும்மா இருக்காதுல்ல" என்றார்.

அன்று நான் சாப்பிடவில்லை. சாப்பிடச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் இல்லை.

வெள்ளைத் தட்டை உலையில் மாட்டுவதற்கு ஒரு தொடக்க விழா ஏற்பாடானது. எங்கள் இயக்குநர் தம் கையாலேயே கம்பியைத் துளைக்குள் விட்டு முதல் கசடை வழிக்க வேண்டும், அதைப் படம் எடுத்து ஆண்டறிக்கையின் அட்டையில் போட வேண்டும் என்று தொழிற்சாலை மேனேஜர் கேட்டுக்கொண்டார். இயக்குநர் ஒப்புக்கொண்டார். பேச்சைத் தயார் பண்ணினார், கோட்டை இஸ்திரி போடக் கொடுத்தார். விழாவுக்கு முந்தின நாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான்.

"தம்பி, அந்த உலை ரொம்ப சூடா இருக்குமோ?"

"உலைதானே ஐயா."

"ம். அந்த வெள்ளைத் தட்டு... முன்னாடி சொல்லாம உடையும்னு சொன்னியே?"

"ஆமாங்க ஐயா. டப்புன்னு."

அவர் பேனாவை மூடித் திறந்தார், மறுபடி மூடினார். "உன்கிட்ட அந்தச் சாம்பல் தட்டு வேற இருக்கா? அதான், விரிசல் விட்டாலும் நிக்குமே, அது?"

"இருக்கு. ஆனா அது தோத்துப்போன தட்டாச்சே ஐயா?"

"அது குழுவோட முடிவு. குழுவை நான் மதிக்கிறேன். ஆனா எனக்குச் சர்க்கரை இருக்கு பாரு, சூடு பட்டா புண்ணு லேசுல ஆறாது. டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காரு. அதனால விழா நேரத்துக்கு மட்டும் அதை மாட்டு. நான் கம்பியை விட்டுட்டு டீ சாப்பிடப் போனதும் சான்று பெற்ற தட்டை மாட்டிடு. விதிமுறையை மீறக் கூடாது, என்ன?"

இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! விரிசலை எண்ணியபோதும் தெரிந்திருக்கிறது. பாவம், விளங்கவில்லை போலிருக்கிறது என்று நான் இத்தனை நாள் இவருக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறேனே! "சரிங்க ஐயா" என்றுதான் வாயில் வந்தது. என் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியது, அதில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். அந்தச் 'சரிங்க ஐயா'வுக்காக நான் என்மேலேயே காறித் துப்பிக்கொள்ளாத குறை.

விழா நாளில் உலைக்கூடத்தைக் கழுவி, வண்ணக் காகிதம் தொங்கவிட்டிருந்தார்கள். காகிதம் சூட்டில் சுருண்டு சுருண்டு விழுந்தது. உலைக்கு நாலு எட்டுத் தள்ளி மேடை. ஒலிபெருக்கியில் இயக்குநர் பேசினார்.

"அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே! உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு. இந்தத் தட்டை நாங்கள் எத்தனையோ சோதனைகளுக்கு உட்படுத்தினோம். ஒரே பாதை, ஒரே முடிவு, ஒரே விரிசல்! இதுவே எங்கள் நிலையத்தின் கொள்கை. இதற்குப் போட்டியாக வந்த ஒரு தட்டு, எங்கு பார்த்தாலும் விரிசலாக, எதையும் உருப்படியாக முடிக்காமல் நின்றது. அதைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் ஒதுக்கினோம். உழைப்பவரின் உயிர் எங்களுக்கு அவ்வளவு அருமை!"

எல்லோரும் கைதட்டினார்கள். இயக்குநர் இறங்கிவந்து, ஒதுக்கப்பட்ட அந்தத் தட்டுக்கு முன்னால் நின்றார். கோட்டின் மேல் தோல் அங்கி, தோல் கையுறை. மச்சான் கம்பியை எடுத்துக் கொடுத்தார். இயக்குநர் அதைத் துளைக்குள் விட்டு, ஒரு தடவை தட்டில் இடித்து, ஒரு தடவை வழித்து, உடனே வெளியே இழுத்துவிட்டார். பளிச் பளிச்சென்று படம் எடுத்தார்கள். டீக்கு எல்லோரும் அலுவலகப் பக்கம் போனார்கள்.

நானும் மச்சானும் மட்டும் நின்றோம். தட்டுகள் இரும்புச் சட்டத்தில் பொருத்தியவை, கொக்கியிலிருந்து தூக்கி மாற்றிவிடலாம். மச்சான் கையில் நீளக் கிடுக்கியோடு என்னைப் பார்த்தார்.

"எதுக்கு மாப்பிள்ளை இதை இறக்கச் சொல்றீங்க? இப்பத்தானே மாட்டினோம்?"

"மச்சான்... இதுதான் நான் செஞ்ச தட்டு. நல்ல தட்டு. அவர் நிக்கிற வரைக்கும் மட்டும் இதைப் போடச் சொன்னாரு. உங்களுக்கு வெள்ளைத் தட்டைப் போடச் சொல்லியிருக்காரு."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டியிருக்கலாம். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். சாம்பல் தட்டைக் கிடுக்கியால் தூக்கிச் சுவரோரம் பதனமாகச் சாய்த்து வைத்தார். வெள்ளைத் தட்டைத் தூக்கி மாட்டினார். கையுறையைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது போட்டோகிராபர் மூச்சிரைக்க ஓடிவந்தான். பின்னாலேயே மேனேஜர், அவருக்குப் பின்னால் இயக்குநர், நிர்வாக அதிகாரி, டீ தம்ளரோடு பாதித் தொழிற்சாலை.

"சார் எல்லாப் படத்துலயும் கண்ணை மூடியிருக்காரு!" என்றான் போட்டோகிராபர். "ஒண்ணுல கூடத் திறக்கலை. தூங்குற மாதிரி இருக்கு. அட்டையில போட முடியாது சார்."

"அதனால என்ன, இன்னொரு தடவை எடுத்துடுவோம்" என்றார் மேனேஜர் உற்சாகமாக. "ஐயா, ஒரு நிமிஷம்தான். வாங்க."

இயக்குநர் சிரித்துக்கொண்டே கையுறையைப் போட்டுக்கொண்டு வந்தார். நாலடி தூரத்துக்கு வந்தபோது தட்டைப் பார்த்தார். தட்டு வெள்ளையாக இருந்தது. அவர் அங்கேயே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். நான் மேலே தொங்கிய வண்ணக் காகிதத்தைப் பார்த்தேன்.

"ஒரே விழாவை ரெண்டு தடவை நடத்துறது மரபு இல்லை" என்றார் இயக்குநர்.

"படம் மட்டும்தான் ஐயா" என்றார் மேனேஜர்.

"மூடின கண்ணு நல்லாத்தானே இருக்கும்? தியானம் மாதிரி."

"கம்பியைப் பிடிச்சுக்கிட்டு யாருங்க ஐயா தியானம் பண்ணுவாங்க?" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"வெளிச்சம் சரியில்ல."

"உலை வெளிச்சம் போதும் சார்" என்றான் போட்டோகிராபர்.

மச்சான் கம்பியை எடுத்து வந்து மரியாதையாக நீட்டினார். "பிடிங்க ஐயா. சான்று பெற்ற தட்டு. ஒரே விரிசல்." அவர் குரலில் சிரிப்பு இல்லை.

இயக்குநர் கம்பியை வாங்கவில்லை. என் பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "தம்பி, மாத்து" என்றார்.

எனக்கு அந்த மாதச் சம்பளம், அடுத்த மாத ஒப்பந்தம், வீட்டு வாடகை எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அப்புறம் வாயிற்காவலரின் இடது கை ஞாபகம் வந்தது. நான் கூட்டம் முழுவதும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "எதை மாத்தணும் ஐயா? குழு தேர்ந்தெடுத்த தட்டை எடுத்துட்டு, தோத்த தட்டைப் போடவா?"

உலை மட்டும் இரைந்தது.

"என்ன ஐயா, மாத்தணுமா?" என்றார் மேனேஜர், குழம்பிப்போய். "இது உங்க தட்டுதானே? நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"கையெழுத்துப் போடறது வேற, நிக்கிறது வேற!" என்று இயக்குநர் கத்திவிட்டார். மேடை மைக்கை யாரும் அணைக்கவில்லை போலிருக்கிறது, கடைசி வரிசைக்கும் கேட்டது. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. கையுறைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்தச் சாம்பல் தட்டைப் போடுங்கப்பா. நான் நிக்கிறேன். ஒரு படம் எடுத்துட்டு நான் போறேன்" என்றார்.

மச்சான் வெள்ளைத் தட்டை இறக்கினார். சாம்பல் தட்டைத் தூக்கி மாட்டினார். இந்தத் தடவை அவருக்கு உதவியாக இரண்டு பேர் தாங்களாகவே வந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இயக்குநர் நின்றார், கண்ணை அகலத் திறந்துகொண்டு கம்பியை விட்டார், படம் எடுத்தார்கள். நன்றாகவே வந்தது என்றான் போட்டோகிராபர். நிர்வாக அதிகாரி வெள்ளைத் தட்டைப் பார்த்து, அதை மறுபடி மாட்ட வேண்டுமே என்று ஏதோ ஆரம்பித்தார். தொழிலாளர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் பேச்சைப் பாதியில் விட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

இயக்குநர் அங்கியைக் கழற்றிக் கொடுத்தார். வியர்த்துக் கொட்டியிருந்தது. கூட்டம் விலகாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு மச்சானிடம், "இப்ப நான் போகலாமா?" என்று கேட்டார்.

"நீங்க போங்க ஐயா" என்றார் மச்சான், கம்பியை வாங்கிக்கொண்டு உலைப் பக்கம் திரும்பினபடி. "நாங்கதான் நிக்கணும்."